தெளிந்த கிணற்று நீரும் வாந்திபேதியும்

கேள்வி (கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து):
வணக்கம். நாங்கள் பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறோம். நான்கு வீடுகளுக்கும் பொதுவாக ஒரே கிணறுதான். மழை ஓய்ந்த மூன்றாம் நாள் அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு வாந்தியும் பேதியும் கண்டு, அரிசி களைந்த கழுநீரைப் போலவே போயிற்று. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று வீட்டார் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். கண்கள் குழிந்து, விரல்தோல் சுருங்கிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இப்போது தேறிவிட்டார். தண்ணீரை நிறுத்தியது சரியா? கிணறு அடி தெரியுமளவு தெளிந்திருக்கிறது, பதிமுகம் (தண்ணீரில் போடும் மரச்சீவல்) போட்டுக் கொதிக்கவைத்தே குடிக்கிறோம். அப்படியானால் நோய் எங்கிருந்து வந்திருக்கும்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற செவிலி, சித்தூர்):
தண்ணீரை நிறுத்தியது தவறு, சகோதரி. அந்த எண்ணத்தால் உயிர் போனதைப் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் கழுநீர் போன்ற பேதி காலராவில் காண்பது. காலராக் கிருமி குடலைத் துளைப்பதில்லை. அதன் நச்சுதான் குடல் செல்களை உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியே தள்ள வைக்கிறது. அந்த நச்சை 1959இல் கல்கத்தாவில் நிறுவியவர் சம்புநாத் தே. ஆனால் சர்க்கரையோடு சேர்த்து உப்பையும் அதனோடு நீரையும் குடல் உள்ளிழுக்கும் வழி அப்போதும் கெடுவதில்லை. 1971இல் வங்க அகதிகள் முகாமில் நரம்பில் ஏற்றுவதற்கு உப்புநீர் போதாமற்போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இந்தக் கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, மடக்கு மடக்காகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இதே போன்ற பேதியை ஈ.கோலை என்னும் குடல் கிருமியின் வகையொன்றும் உண்டாக்கும் என்பதால், மலப் பரிசோதனை செய்யாமல் காலரா என்று முடிவுகட்ட இயலாது. மலத்தில் இரத்தம் கண்டால் அது ஷிகெல்லா என்னும் சீதபேதிக் கிருமியாகவும் இருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

மறுமொழி 2 (வேலந்தாவளம்):
தெளிவு என்பது கண்ணுக்குத்தான். கிருமி கண்ணுக்குத் தெரிவதில்லை. கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? 15 மீட்டராவது வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியைத் தொட்டுவிடும். இன்னொன்றையும் கேட்கிறேன்: பதிமுக வெந்நீரை ஆற்றுவதற்குப் பச்சைத் தண்ணீர் கலப்பதுண்டா? நம் பக்கத்து வீடுகளிலும் கடைகளிலும் நடக்கும் தவறு இதுதான். கொதித்ததன் பயன் முழுவதும் அந்த ஒரு சொம்பில் போய்விடும்.

கேட்டவர்:
கலப்பதுண்டு, ஐயா. பெரியம்மா வீட்டில் தினமும் அப்படித்தான். குழியும் பத்து மீட்டருக்குள்தான் இருக்கிறது. கிணற்றை இப்போது என்ன செய்வது?

மறுமொழி 2:
ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இன்றே தெரிவியுங்கள். நீரைச் சோதிக்கவும் குளோரின் இடவும் அவர்கள் வழிகாட்டுவார்கள். இத்தகைய நேரத்தில் 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. இரண்டு மீட்டர் அகலமுள்ள வட்டக் கிணற்றில் மூன்று மீட்டர் நீர் நின்றால் ஏறத்தாழ 9,400 லிட்டர். ஆகவே 47 கிராம். அதை வாளியில் குழைத்துக் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் மற்றொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரமாவது நீர் இறைக்கக் கூடாது. மாலையில் இட்டு மறுநாள் காலையில் எடுப்பது நல்லது. திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது, புதிதாக வாங்குங்கள். குழியை அப்புறப்படுத்தும் வரை நான்கு வீட்டாரும் கொதித்த நீரை மூடிவைத்து, தானாக ஆறிய பிறகே குடியுங்கள்.