கிறிஸ்டல் ரிவரில் மேனட்டிகளோடு நீந்துவது: போகலாமா, கூடாதா?

டாம்பா_குமரன்:
ஊரிலிருந்து அக்கா குடும்பம் ஜனவரியில் வருகிறது. மேனட்டிகளோடு (கடற்பசு வகை) நீந்தும் சுற்றுலாவுக்கு இங்கே ஃபுளோரிடாவில் கிறிஸ்டல் ரிவர் ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். அமெரிக்காவில் சட்டப்படி இப்படி நீந்த முடிவது அந்த சிட்ரஸ் கவுண்டியில் மட்டும்தானாம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியும். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜி_ஓர்லாண்டோ:
போகாதீர்கள் என்பேன். ஜனவரியில் மேனட்டி அங்கே வருவதே உயிர் பிழைக்கத்தான். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குத் தாங்காது. கிறிஸ்டல் ரிவரில் இருக்கும் கிங்ஸ் பே விரிகுடாவின் ஊற்றுநீர் வருடம் முழுக்க 22 டிகிரி, அதனால் ஒதுங்குகிறது. ஐந்நூறு கிலோ உடம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், குளிர் தாங்கும் கொழுப்பு அதற்குக் குறைவு. நாம் சுற்றிச் சுற்றி மிதந்தால் எழுந்து குளிர்ந்த நீருக்குப் போய்விடும். நாமாவது வெட்சூட் (குளிர் தாங்கும் நீச்சல் உடை) போட்டுக்கொண்டு இறங்குகிறோம்.

ஆரஞ்சு சிட்டி பக்கம் ப்ளூ ஸ்பிரிங் பூங்கா இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, மரப்பாதையிலிருந்துதான் பார்க்கலாம். 1970களில் சில டஜன் மேனட்டிகள்தான் வந்தன. 2024 ஜனவரியில் ஒரே நாளில் 900க்கு மேல் எண்ணினார்கள்.

கடலோடி77:
ராஜி மேடம், கிறிஸ்டல் ரிவரிலும் மேனட்டிக்கு என்று தனி இடம் கயிறும் மிதவையும் கட்டிப் பிரித்திருக்கிறது. அதற்குள் மனிதன் போனால் குற்றம். தூங்க நினைக்கும் மேனட்டி அந்தப் பக்கம் போய்விடும், வேடிக்கை பார்க்க நினைப்பது வெளியே வரும். துரத்துவது, மறிப்பது, மேலே ஏறுவது, குத்துவது, தீனி போடுவது, தாயையும் குட்டியையும் பிரிப்பது எல்லாமே தடை. மீறினால் மத்தியச் சட்டத்தில் 50,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை.

சரி, மேனட்டி எதனால் சாகிறது? படகு மோதி. அப்புறம் பட்டினியால். 2021இல் ஃபுளோரிடாவில் 1,100க்கு மேல் செத்தன. கிழக்குக் கரையில் இந்தியன் ரிவர் லகூன் என்ற கடற்கழியில் மேனட்டி தின்னும் கடற்புல் அழிந்ததுதான் பெரிய காரணம், கடைசியில் லெட்யூஸ் கீரை போட்டுக் காப்பாற்றும் நிலை வந்தது. அங்கே யாரும் ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்) போட்டுக்கொண்டு பக்கத்தில் நீந்தவில்லை. கிறிஸ்டல் ரிவரில் மேனட்டி ஒதுங்கும் த்ரீ சிஸ்டர்ஸ் ஊற்றைச் சுற்றி வீடு கட்டவிருந்த நிலத்தை 2010இல் விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். மேனட்டியால் பிழைக்கும் ஊர் என்பதால்தான் அது நடந்தது. சுற்றுலாவை நிறுத்திப் பாருங்கள், அந்தக் கரையில் முதலில் அபார்ட்மெண்ட்தான் வரும்.

செல்வி_கெய்ன்ஸ்வில்:
விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஏறுமுன் எல்லோருக்கும் வீடியோ போட்டுக் காட்டுகிறார்கள். இறங்கினதும் பாதிப் பேருக்கு மறந்துவிடுகிறது. போன குளிர்காலத்தில் நான் இருந்த படகிலேயே பார்த்தேன். தாய் அசையாமல் கிடக்கிறது, குட்டி அதன் துடுப்புக்கு அடியில் வாயை வைத்துப் பால் குடிக்கிறது (மடி அங்கேதான்). நாலைந்து பேர் கேமராவோடு ஆளுக்கொரு பக்கம் வளைத்துவிட்டார்கள். தாய் மெல்ல நகர்ந்தது, குட்டியின் வாய் விடுபட்டது. யாரும் தொடவில்லை, துரத்தவில்லை. இதை எந்த விதியில் சேர்ப்பீர்கள், கடலோடி?

கடலோடி77:
மறிக்கக் கூடாது என்பதில்தான். தண்ணீருக்குள் வழிகாட்டி கூட வந்திருந்தால் தடுத்திருப்பார். சில கம்பெனிகளில் கேப்டன் படகிலேயே உட்கார்ந்திருப்பார், ஆட்கள் பாட்டுக்கு இறங்குவார்கள். மோசமான கம்பெனிக்காக எல்லாரையும் வெளியே தள்ள முடியுமா?

ராஜி_ஓர்லாண்டோ:
படகு மோதிச் சாகிறது என்கிறீர்கள், உங்களைக் கூட்டிப்போவதும் படகுதானே? அது மெதுவாகப் போகும் என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2022இல் நம் தமிழ்நாட்டுப் பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கு (மேனட்டிக்கு உறவான கடற்பசு) 448 சதுர கிலோமீட்டரில் காப்பகம் அறிவித்தார்கள். அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கூட நீந்தவிடலாம் என்றால் இதே கடலோடி சும்மா இருப்பாரா?

கடலோடி77:
இருக்க மாட்டேன். ஆவுளியா அங்கே மிகக் குறைவு, ஆளைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும். மேனட்டி தானாக வந்து முகக்கண்ணாடியை முகர்ந்து பார்க்கும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

குமரன் தம்பிக்கு: விடியற்காலைப் படகில் ஏறுங்கள், கூட்டம் குறைவு. மிதவைக் குழாயை நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புற மிதக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் காலை உதைக்கக் கூடாது. உதைத்தால் அடிமண் கலங்கி ஒன்றும் தெரியாது. தூங்கும் மேனட்டி சில நிமிடத்துக்கு ஒரு தடவை அப்படியே மேலே வந்து மூச்சு விட்டுத் திரும்ப அடியில் போய்ப் படுக்கும். அது வரும் வழியில் இருக்காதீர்கள், பக்கவாட்டில் ஒதுங்குங்கள்.

டாம்பா_குமரன்:
இரண்டு இடத்தில் போன் போட்டுக் கேட்டேன். ஓரிடத்தில் வழிகாட்டி தண்ணீருக்குள் கூட வருவாராம், ஆறு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்களாம். இன்னொன்று விலை மலிவு, ஆனால் கேப்டன் இறங்க மாட்டார். முதலாவதைப் பதிவு செய்யப்போகிறேன். கடும் குளிர் வந்து த்ரீ சிஸ்டர்ஸில் நீந்தவிடாமல் மூடிவிட்டால் என்ன செய்வது?

ராஜி_ஓர்லாண்டோ:
மூடினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அங்கேயும் கரையோரம் மரப்பாதை உண்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே நின்று பாருங்கள். மூடுகிற நாளில்தான் மேனட்டி அதிகம் இருக்கும்.