மாட்டுக்கொட்டகைக் கதவு, சுவர்த் தட்டு ஆன கதை

காடாம்புலியூர்க்காரன்:

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோட்டத்தில் 11 பலா சாய்ந்தது. ஊரெல்லாம் மரம் குவிந்து கிடந்ததால் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்டார். அப்பா ஒன்றை மட்டும் விற்காமல் அறுத்து, மாட்டுக்கொட்டகைக்குக் கதவு போட்டார்.

போன வருஷம் மாட்டை விற்றுவிட்டுக் கொட்டகையைப் பிரித்தோம். ஆசாரியைக் கூப்பிட்டால், "பழைய மரத்துல இழைப்புளி வைக்க மாட்டேன் தம்பி, உள்ள ஒரு ஆணி இருந்தாலும் பிளேடு பல்லு விழுந்துடும்" என்றார். நியாயம்தான். பழைய ஸ்பீக்கர் ஒன்றைப் பிரித்துக் காந்தத்தை எடுத்தேன். பலகை மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தியதில், தலை உடைந்து உள்ளேயே தங்கிய ஆணி 17 கிடைத்தது.

சாணியும் புகையும் ஏறிக் கருத்துக் கிடந்த பலகை. முதல் சுருள் கழன்றதும் அடியில் மஞ்சள், அப்படியே பலாச்சுளை மஞ்சள்! அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. (நாளாக ஆக மறுபடி பழுப்பேறுகிறது. பலா அப்படித்தான்.)

தட்டு ஒன்று, மிச்சத்தில் சாவி மாட்டி. ஆணித் துளைகளைச் சுற்றித் துரு ஊறிக் கறுப்பு வளையம் இருக்கிறது. அம்மா புட்டி வைத்து அடைக்கச் சொன்னார், நான் கேட்கவில்லை.

செய்த தப்பு: கறையானுக்குப் பயந்து பின்பக்கம் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் பூசினேன், கையுறை போடாமல். மறுநாள் விரலிடுக்கெல்லாம் கொப்புளம். முந்திரி உடைக்கிறவர்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்கு இது தேவைதான்.

முத்தியால்பேட்டை அக்கா:

தம்பிக்கு ஆணி, எனக்குப் பெயிண்ட். புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டை இடித்த இடத்தில் ஜன்னல் சட்டம் ஒன்று வாங்கினேன், கண்ணாடி பதிக்க. மேலே காவி, அடியில் பச்சை, அதற்கும் அடியில் நீலம். ஹாலில் உட்கார்ந்து மெஷினால் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன், பேரன் தவழ்கிற வீட்டில்! பெயிண்ட் வேலை பார்க்கும் கொழுந்தனார் வந்து சத்தம் போட்டார். பழைய பெயிண்டில் ஈயம் இருக்குமாம். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்புறம் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். தூள் பறக்காது. நீலம் வந்ததும் நிறுத்தி, மேலே வார்னிஷ் அடித்துவிட்டேன்.

பர்மா தேக்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். ஓரத்தை அறுத்தபோது வாசனை காட்டிக்கொடுத்தது, வேம்பு. பூச்சி லேசில் அண்டாத மரம் என்பதால் பாதிக் கோபத்தோடு விட்டேன்.

தேவனாம்பட்டினம்:

எங்கள் வீட்டில் தாத்தாவின் கட்டுமரத் துண்டு ஒன்று அலமாரிப் பலகையாக இருக்கிறது. நல்ல தண்ணீரில் நான்கு முறை ஊறப்போட்டுக் காயவைத்தும் உப்பு முழுசாகப் போகவில்லை. ஐப்பசி மழை தொடங்கினால் வேர்க்கிறது. அதன் மேல் வைத்திருந்த தாத்தா படத்தின் அடியோரம் ஊறிவிட்டது. இப்போது படத்துக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டு வைத்திருக்கிறோம்.