ஸ்பீட் டெஸ்ட் சரியாக வருகிறது, இரவு வீடியோ கால் மட்டும் நின்று நின்று போகிறது. உதவி தேவை

மாடிவீடு (கேள்வி):

அப்பாவோடு தினமும் இரவு 9 மணிக்கு வீடியோ காலில் பேசுவேன். அவருக்கு 76 வயது. காது மெஷின் வைத்தும் பாதிதான் கேட்கும். மீதியை என் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார். படம் நின்றால் எங்களுக்குப் பேச்சே நின்ற மாதிரிதான்.

ஒரு மாதமாக இந்தத் தொல்லை. கால் தொடங்கி ஐந்து நிமிடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. குரல் விட்டு விட்டு வருகிறது. பத்து, இருபது நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகிறது. நேற்று "நாளைக்கு டாக்டரிடம் போகிறீர்களா?" என்று நான்கு முறை கேட்டேன். நாலாவது முறை தலையை ஆட்டிவிட்டு, "அப்புறம் பேசலாம்மா" என்று வைத்துவிட்டார். புரியாமல்தான் தலையாட்டினார் என்று எனக்குத் தெரியும்.

டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 10 எம்பிபிஎஸ் இணைப்பு. ஸ்பீட் டெஸ்டில் எப்போது பார்த்தாலும் அந்த வேகம் வருகிறது. ரூட்டர் ஹாலில், லேப்டாப் படுக்கையறையில். ரூட்டரை அணைத்துப் போட்டேன், ஆப்பை நீக்கித் திரும்ப நிறுவினேன், வேறு ஆப்பும் மாற்றிப் பார்த்தேன். பலனில்லை. பகலில் அலுவலக கால்கள் எல்லாம் நன்றாகவே போகின்றன.

அலைநீளம்:

முதலில் வைஃபையைப் பாருங்கள். லேப்டாப் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா, 5-லா? 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இரவில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசைதான். 5-க்கு மாறிவிட்டுச் சொல்லுங்கள். சுவர் நடுவில் இருந்தால் 5-ன் சிக்னல் சீக்கிரம் குறையும், அதனால் அறைக்கதவைத் திறந்து வைத்தும் ஒருமுறை பாருங்கள்.

மாடிவீடு:

2.4-ல்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். நடுநடுவே வந்த சின்னச் சின்னத் தடங்கல்கள் போய்விட்டன, நன்றி. ஆனால் 9 மணித் தொல்லை அப்படியே இருக்கிறது.

வரிசைக்காவலர்:

அப்படியானால் காற்றில் சிக்கலா, வெளியே போகும் லைனில் சிக்கலா என்று பிரித்துப் பார்த்துவிடலாம். இது பெரிய வேலை இல்லை. லேப்டாப்பில் இரண்டு கட்டளைச் சாளரம் திறங்கள். ஒன்றில் உங்கள் ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் ஓடட்டும். ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பிவர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அது காட்டும். இன்னொன்றில் 8.8.8.8-க்கு (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்). இரண்டையும் நிறுத்தாமல் ஓடவிட்டு அப்பாவைக் கூப்பிடுங்கள். படம் நிற்கும் நேரத்தில் இரண்டிலும் என்ன எண் வருகிறது என்று எழுதி வையுங்கள்.

ரூட்டர் பிங்கே ஏறினால் வைஃபை. அது சும்மா இருந்து வெளியே போகும் பிங் மட்டும் ஏறினால் லைன்.

மாடிவீடு:

பார்த்தேன். கால் தொடங்கும்போது ரூட்டருக்கு 3, வெளியே 14 மில்லிநொடி. 9:06-க்குப் படம் நின்றபோது ரூட்டருக்கு 4. வெளியே 780, 815, 820... கிட்டத்தட்ட கால் மணி நேரம் அப்படியே. அப்புறம் திடீரென்று மறுபடி 14. இதற்கு என்ன அர்த்தம்?

வரிசைக்காவலர்:

வைஃபை குற்றவாளி இல்லை என்று அர்த்தம். உங்கள் வீட்டிலிருந்து யாரோ எதையோ மேலே ஏற்றுகிறார்கள். அந்த வரிசையின் வாலில் உங்கள் குரலும் முகமும் நிற்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் நொடிக்கு 1.25 மெகாபைட். ரூட்டரை வெளி லைனோடு இணைக்கும் மோடத்துக்குள், அனுப்பக் காத்திருக்கும் பேக்கெட்டுகளை (தகவலின் சிறு பொட்டலங்களை) வைக்க ஓர் இடம் உண்டு, பஃபர் என்பார்கள். அது 1 மெகாபைட் அளவுக்கு நிரம்பியிருந்தால் புதிதாக வரும் பேக்கெட் வெளியேற 0.8 நொடி ஆகும். 800 மில்லிநொடி. நீங்கள் எழுதிய எண் அதுதான்.

ஃபைல் ஏற்றுவது பொதுவாக டிசிபி என்ற அனுப்பும் விதிமுறை வழியாக நடக்கும். பேக்கெட் தொலையும்வரை அது வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தொலைந்தால்தான் "நெரிசல்" என்று புரிந்துகொண்டு குறைக்கும். பஃபர் பெரிதாக இருந்தால் எதுவும் சீக்கிரம் தொலையாது, அதனால் குறைக்கச் சொல்லும் அறிகுறியே அதற்குப் போய்ச் சேராது. ஃபைலுக்கு இதனால் நஷ்டமில்லை. பேச்சு அப்படி இல்லை. குரலைப் பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, நொடிக்கு 50 பேக்கெட்டாக அனுப்புகிறார்கள். தாமதமாக வரும் துண்டு வந்தும் வராததும் ஒன்றுதான். இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. உங்களுக்கு வாசலைத் தாண்டவே 800.

ஸ்பீட் டெஸ்ட் இதைக் காட்டாததற்குக் காரணம், வேகம் உண்மையிலேயே குறையவில்லை என்பதுதான். குழாய் நிரம்பி ஓடுகிறது. எவ்வளவு போகிறது என்று அளக்கிறோம், எவ்வளவு நேரம் காத்திருந்து போகிறது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு துருவித் துருவி ஆராய்ந்தார். 'பஃபர்ப்ளோட்' என்ற பெயர் அவர் வைத்ததுதான்.

9 மணிக்கு வீட்டில் எது அப்லோடு ஆகிறது? அதைக் கண்டுபிடியுங்கள்.

நான்காம்தூண்:

இவ்வளவு சுற்ற வேண்டாமே. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறி, வைஃபை 6 ரூட்டர் ஒன்று வாங்கிவிட்டால் முடிந்தது. என் வீட்டில் அதற்குப் பிறகு புகாரே இல்லை.

வரிசைக்காவலர்:

வைஃபை 6 நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஒரே சேனலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கருவிகளுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கும் ஓஎஃப்டிஎம்ஏ முறை அதில் வந்தது. கருவிகள் நிறைய உள்ள வீட்டில் காற்றில் உள்ள காத்திருப்பு குறையும். ஆனால் இவர்கள் வீட்டில் ரூட்டர்வரை 4 மில்லிநொடிதான். வரிசை நிற்பது அதற்கு அந்தப் பக்கம். டவுன்லோடு 300 ஆனாலும் அப்லோடு 10-லேயே இருந்தால் அந்த வரிசை ஓர் அடிகூட நகராது. காசைச் செலவழித்துவிட்டு அதே படம் நின்றால் மனசு இன்னும் கஷ்டப்படும்.

மாடிவீடு:

கண்டுபிடித்துவிட்டேன். என் ஃபோன்தான்.

காலுக்கு உட்காரும் முன் ஃபோனைச் சார்ஜில் போட்டு மேசைமேல் வைப்பேன். சார்ஜரும் வைஃபையும் இருந்தால்தான் படங்களைக் காப்பு (பேக்கப்) எடு என்று அமைத்திருந்தேன். பகல் முழுக்க எடுத்த வீடியோக்கள் எல்லாம் நான் அப்பாவிடம் பேசும் நேரத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. போன மாதம்தான் இந்த ஃபோன் வாங்கினேன், 4கே-யில் எடுக்கிறது. இன்று சார்ஜரைப் பிடுங்கியதும் 820-லிருந்து 14-க்கு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது.

காப்பை நிறுத்திவிட்டேன். ஆனால் வீட்டில் மற்றவர்கள் ஏதாவது ஏற்றினால் மறுபடி வருமே?

வரிசைக்காவலர்:

வரும். அதற்குத்தான் ரூட்டரில் எஸ்கியூஎம் என்ற, வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறதா என்று தேடச் சொல்கிறேன். சில ரூட்டர்களில் கியூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை என்று அமைக்கும் இடம்) மெனுவுக்குள் ஒளிந்திருக்கும். இருந்தால் எஃப்கியூ-கோடெல் அல்லது கேக் என்ற வரிசை முறைகளில் எது கிடைக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். கோடெல் முறையை கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, ஒரு பேக்கெட் உள்ளே எவ்வளவு நேரம் காத்திருந்தது என்றுதான் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிநொடி நீடித்தால் சில பேக்கெட்டுகளைக் கைவிட்டு டிசிபிக்குச் சேதி சொல்லிவிடும். எஃப்கியூ என்ற பகுதி ஒவ்வொரு ஓட்டத்துக்கும் (கால் ஒன்று, ஃபைல் ஒன்று என்று) தனி வரிசை போடும், அதனால் உங்கள் குரல் ஃபைலுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

ஒன்றை மறக்காதீர்கள். அப்லோடு வேகத்தை 10 என்று கொடுக்காமல் 8.5 என்று கொடுங்கள். வரிசை மோடத்தில் சேராமல் ரூட்டரில் சேர்ந்தால்தான் இதற்கு வேலை. அந்த ஒன்றரை எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுப்பது தகும்.

மாடிவீடு:

இருந்தது! 8.5 போட்டேன். வேண்டுமென்றே காப்பை ஓடவிட்டுப் பேசினேன். பிங் 22-ஐத் தாண்டவில்லை, படமும் நிற்கவில்லை. மிக்க நன்றி.

இப்போது வேறொன்று தெரிகிறது. படம் ஓடுகிறது, ஆனாலும் அப்பா "உதடும் பேச்சும் சேரவில்லை" என்கிறார். முன்பும் இருந்திருக்கும், அந்தக் கலவரத்தில் கவனிக்கவில்லை.

உதட்டுவாசிப்பு:

இதற்காகவே கணக்குத் தொடங்கினேன். எனக்கும் காது கேட்காது, வீடியோ காலில்தான் வேலை பார்க்கிறேன்.

அப்பா குரலை எதில் கேட்கிறார்? புளூடூத் ஸ்பீக்கர் என்றால் முதலில் அதைக் கழற்றுங்கள். அது 100 மில்லிநொடிக்கு மேல் தாமதம் சேர்ப்பது சாதாரணம். படத்துக்குப் பின்னால் ஒலி 125 மில்லிநொடி தள்ளினாலே சாதாரணப் பார்வையாளர் கவனித்துவிடுவார். ஒலி முந்தினால் 45 போதும். கண்ணும் காதும் பாதிப் பாதியாகச் சேர்ந்து வேலை செய்யும் எங்களுக்கு அது வாக்கியத்தையே குலைத்துவிடும்.

அடுத்தது உங்கள் அறை விளக்கு. மங்கலாக இருந்தால் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்கும். நொடிக்கு 30 ஃப்ரேம் வேண்டுமானால் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிநொடிதான் கிடைக்கும். 66 எடுத்துக்கொண்டால் 15 ஃப்ரேமாகிவிடும். "ப", "ம" போன்ற எழுத்துகளில் உதடு மூடித் திறக்கும் அந்த நொடித்துளி நடுவில் விழுந்து போகும். சைகை மொழிக்கும் உதட்டுவாசிப்புக்கும் நொடிக்கு 20 ஃப்ரேமுக்கு மேல் வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999-லேயே எழுதி வைத்தது. முகத்துக்கு நேராக ஒரு விளக்கு வையுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம். முகம் படத்தில் பாதிக்காவது தெரியட்டும்.

இன்னொன்று, இது ஆப் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டியது. லைன் மோசமானால் இந்த ஆப்கள் வழக்கமாக வீடியோவைத்தான் முதலில் குறைக்கின்றன, குரலைக் காப்பாற்றுகின்றன. பெரும்பாலோருக்கு அது சரி. எங்களுக்கு அது நேர் எதிர். 'படத்துக்கு முன்னுரிமை' என்று ஓர் அமைப்பு இருந்தால் எத்தனை வீடுகளுக்கு உதவும்!

மாடிவீடு:

புளூடூத் ஸ்பீக்கர்தான் வைத்திருக்கிறார், சத்தம் அதிகம் வரும் என்று நானே வாங்கிக் கொடுத்தது. அதை வயர் ஸ்பீக்கராக மாற்றச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் வந்து மாற்றிக் கொடுத்தான். நான் மேசை விளக்கை லேப்டாப்புக்குப் பின்னால் வைத்து முகத்தின்மேல் படும்படி திருப்பினேன்.

இன்று 40 நிமிடம் பேசினோம். இரண்டே முறைதான் "என்னம்மா?" என்று கேட்டார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு மருந்துப் பெயரோடு பதில் சொன்னார்.

அவர் வீட்டு ரூட்டரிலும் எஸ்கியூஎம் போட வேண்டுமா?

வரிசைக்காவலர்:

அங்கே யாரும் எதையும் ஏற்றவில்லை என்றால் அவசரமில்லை. அடுத்த முறை போகும்போது அதே இரண்டு பிங்கையும் அங்கே பத்து நிமிடம் ஓடவிட்டு எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.