புதுப்பிப்பு: டாங்கிள் உபுண்டுவுக்குள் இணைந்துவிட்டது

முன்பு கேட்டது இதுதான்: விண்டோஸ் மடிக்கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்), அதற்குள் உபுண்டு லினக்ஸ். 4ஜி டாங்கிளை (சிம் போட்டு இணையம் தரும் யூஎஸ்பி கருவி) செருகினால் உபுண்டுவில் சில நொடிகள் தெரிந்து மறைந்துவிடுகிறது.

சிக்னல் குறைவாக இருக்கும், மொட்டைமாடிக்குப் போங்கள் என்றே பலரும் சொன்னீர்கள். மன்னார்குடிப் பக்கம் வயல்தான். டவரை மறைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது! அதே சிம் கைபேசியில் நன்றாக ஓடுகிறது.

சிக்கல் டாங்கிளின் இரட்டை வேடத்தில் இருந்தது. செருகியதும் அது சிடி டிரைவாகத் தோன்றும். விண்டோஸுக்கான மென்பொருள் அதில்தான் இருக்கிறது. உபுண்டுவிலுள்ள யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரல் கட்டளை அனுப்பியதும் மோடமாக மாறும். அப்போது கருவியின் வகையைக் குறிக்கும் ப்ராடக்ட் ஐடியும் மாறிவிடுகிறது. எந்தக் கருவியை உபுண்டுவுக்குத் தருவது என்று பார்க்கும் விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி வடிகட்டியில் பழைய ஐடி மட்டுமே இருந்ததால், புதிய உருவம் விண்டோஸிடமே தங்கிவிட்டது.

வடிகட்டியில் தயாரிப்பாளரைக் குறிக்கும் வெண்டார் ஐடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கட்டங்களைக் காலியாக்கினேன். காலிக் கட்டம் எதையும் ஏற்கும். உபுண்டுவில் மோடத்தைக் கையாளும் மோடம்மேனேஜர் உடனே கண்டுகொண்டது. ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணைய நுழைவுப் பெயர்) கொடுத்ததும் இணைப்பு வந்துவிட்டது.

டாங்கிளை விண்டோஸிடமே விட்டுவிட்டு நாட் (விண்டோஸின் இணைப்பை உபுண்டுவும் பயன்படுத்தும் முறை) வழியாக இணையம் எடுக்கலாமே என்றார் ஒருவர். இணையம் மட்டும் போதுமென்றால் அதுதான் சுலபம். எனக்கோ பம்ப்செட் ஸ்டார்ட்டர் அனுப்பும் குறுஞ்செய்திகளை உபுண்டுவிலுள்ள ஸ்கிரிப்ட் படிக்க வேண்டும். அதற்கு மோடமே உள்ளே வந்தாக வேண்டும்.

ஒரு குறை பாக்கி: மடிக்கணினி உறங்கி எழுந்தால் இணைப்பு திரும்புவதில்லை. தற்போதைக்கு மோடம்மேனேஜரை மறுபடி தொடங்குகிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.