3×8 சைக்கிளுக்கு (முன்னால் 3, பின்னால் 8 பல்சக்கரம்) எந்தப் பின் டெரெய்லர் (செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் கை)? கடையில் 12 ஸ்பீடு போடச் சொல்கிறார்கள்

ஏற்காட்டு இறக்கம்:
போன ஞாயிறு ஏற்காட்டில் காபித் தோட்டத்து மண்பாதையில் இறங்கும்போது செயினில் ஒரு குச்சி சிக்கியது. நான் பெடலை நிறுத்துவதற்குள் டெரெய்லர் சுருண்டு ஸ்போக்குக்குள் போய்விட்டது. கேஜ் (டெரெய்லரின் உருளைகளைத் தாங்கும் சட்டம்) வளைந்து, ஸ்போக் இரண்டு அறுந்து, தார்ச் சாலை வரை வண்டியைத் தோளில் சுமந்தேன். இருந்தது ஷிமானோ ஆல்டஸ் எம்310. முன்னால் 42-32-22 பல், பின்னால் 11-34 பல், 8 ஸ்பீடு. "12 ஸ்பீடு டியோர் போடுங்க, வண்டியே மாறிடும்" என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பழைய செயின்:
வண்டி மாறும்தான் தம்பி, பாதி வண்டியையே மாற்ற வேண்டியிருக்குமே! டியோர் எம்6100 வேண்டுமென்றால் 12 ஸ்பீடு ஷிஃப்டர் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் விசை), செயின், 10-51 கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) எல்லாம் வேண்டும். அந்தக் கேசட் மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி அமைப்புள்ள ஹப்பில்தான் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஏறும், உங்களுடையதில் ஏறாது. முன்னாலும் ஒற்றைப் பல்சக்கரம்.

டெரெய்லரைத் தேர்ந்தெடுப்பது உங்கள் ஷிஃப்டர்தான். ஒரு கிளிக்குக்கு அது எவ்வளவு கேபிளை இழுக்கிறதோ, அதற்கேற்ற டெரெய்லர் வேண்டும். ஷிமானோவில் 7, 8, 9 ஸ்பீடு மூன்றும் ஒரே கணக்கு. மவுண்டன் பைக் 10 ஸ்பீடில் அது மாறிவிடும். இது தெரியாமல் நான் 8 ஸ்பீடு ஷிஃப்டரோடு 10 ஸ்பீடு டெரெய்லரை மாட்டி ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். மூன்றாவது கியரைச் சரி செய்தால் ஆறாவதில் செயின் தாவும்.

அடுத்தது கொள்ளளவு, அதாவது கியர் மாறும்போது டெரெய்லர் சமாளிக்க வேண்டிய பல் வித்தியாசம். முன்னால் 42-22, அது 20. பின்னால் 34-11, அது 23. கூட்டினால் 43. நீளக் கேஜ் இல்லாமல் இது நடக்காது. ஆல்டஸே திரும்பப் போடலாம். நானாக இருந்தால் 9 ஸ்பீடு அலிவியோ எம்3100 வாங்குவேன். உங்கள் ஷிஃப்டரோடு ஒத்துப்போகும், 36 பல் வரை ஏறும், சக்கரத்தை ஒட்டி உள்ளடங்கி நிற்கும். காபிச் செடிகளுக்கு நடுவே ஓட்ட அது நல்லது.

மண்சக்கரம்:
மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட்டையும் பாருங்கள். 9 ஸ்பீடு, 11-42, இதே ஹப்பில் ஏறும். கேஜை இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் உண்டு, செயின் தடதடக்காது. ஷிஃப்டரையும் அதிலேயே வாங்க வேண்டும்.

பழைய செயின்:
நல்ல சாமான்தான். ஆனால் முன்னால் ஒற்றைப் பல்சக்கரமாக 32 போட்டால் 32க்கு 42, அதாவது 0.76. இப்போது 22க்கு 34, அது 0.65. எண் குறைந்தால் ஏறுவது எளிது. ஏற்காட்டுக் கொண்டை ஊசியில் முட்டிக்கு வித்தியாசம் தெரியும்.

அப்புறம், காசு கொடுப்பதற்கு முன் ஹேங்கரை (டெரெய்லரை ஃபிரேமில் தாங்கும் துண்டு) கழற்றிப் பாருங்கள். அது வளைந்திருந்தால் புது டெரெய்லரும் ஸ்போக்குக்குள்தான் போகும்.

ஏற்காட்டு இறக்கம்:
கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன். ஒரு ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு நுழைகிறது! இரண்டு மாதமாகப் பெரிய பல்லில் டிக் டிக் என்று சத்தம் வந்தது, கேபிள் தளர்வு என்று நினைத்து விட்டுவிட்டேன். பழசைக் காட்டி அதே துளை அமைப்பில் இரண்டு ஹேங்கர் சொல்லியிருக்கிறேன், ஒன்று சீட்டுக்கு அடியிலுள்ள பையில் வைக்க. அலிவியோவும் சொல்லியாயிற்று. எல் ஸ்க்ரூவை (டெரெய்லர் ஸ்போக் பக்கம் எவ்வளவு போகலாம் என்று எல்லை வைக்கும் திருகு) நானே திருப்பலாமா அண்ணா?

பழைய செயின்:
தாராளமாக. கேபிளை மாட்டும் முன்பே திருப்புங்கள். டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து பாருங்கள். மேல் உருளை பெரிய பல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். அறுந்த ஸ்போக்கை முதலில் மாற்றிவிடுங்கள்.