புதுப்பிப்பு: பற்சக்கரமா, நேரடி மோட்டாரா?

ரிமோட்டில் பறக்கும் சிறிய ரேடியோ ஹெலிகாப்டரின் மேல் விசிறிக்குப் பற்சக்கர மோட்டார் (பற்சக்கரம் வழியாக விசிறியைச் சுற்றுவது) நல்லதா, நேரடி மோட்டார் (விசிறியைத் தன் அச்சிலேயே மாட்டிச் சுற்றுவது) நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். காரைக்குடிப் பக்கம் வறண்ட கண்மாயில் இரண்டையும் பறக்கவிட்டுப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு நேரடி மோட்டாருக்கே.

காரணம் நம் செம்மண் புழுதி. பல்லிடுக்கில் பொடிமணல் ஏறி, பிளாஸ்டிக் சக்கரத்தை அரம்போல ராவிவிடுகிறது; விசிறியைக் கையால் சுற்றினாலே நறநறவென்கிறது. நேரடி மோட்டாரில் தேயப் பல்லே இல்லை, இரைச்சலும் குறைவு. ஆனால் குறைந்த வேகத்திலேயே முறுக்குவிசை (சுழற்றும் வலு) தரவேண்டும் என்பதால் அகலமான பிரஷ்லெஸ் (உள்ளே உரசும் தூரிகை இல்லாத) மோட்டார் தேவை. விலை கையைக் கடிக்கும். பென்சில் பருமனுள்ள பிரஷ் மோட்டார்கள் வேகமாகச் சுற்றினால்தான் திறன் தரும். பெரிய விசிறியைச் சுழற்ற அவற்றுக்குப் பற்சக்கரம் கட்டாயம்.

வால் விசிறிக்கு எந்த மோட்டார் என்று கேட்ட தம்பிக்கு: அது சிறியது, வேகமாகச் சுழல்வது. அங்கே நேரடி மோட்டாரே தாராளம்.