மறு: டிஸ்பென்சரி கூரைக்கு 6 லட்சம்

எல்லோருக்கும் வணக்கம்.

ஏற்காட்டு மலையில் நம் ஊர் மிஷன் டிஸ்பென்சரியின் ஒழுகும் கூரைக்கு, வெளிநாட்டில் இருக்கும் நம் சங்கத்தார் 6 லட்சம் திரட்டலாமா என்று மூன்று வாரமாக வரும் எல்லா மடலையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மே மாதம் சேர்வராயன் பண்டிகைக்குப் போயிருந்தபோது பார்த்தது மனதில் கொஞ்சம் ஆறட்டும் என்று எழுதாமல் இருந்தேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துப் படியுங்கள்.

கூரை ஒழுகுவது உண்மை. மஸ்கட் தம்பி அனுப்பிய படத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது கூரை அல்ல. நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கதவில் பூட்டு. திண்ணையில் ஏழு பேர். கீழ்க்காட்டிலிருந்து நடந்தே வந்த எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. இரும்புச்சத்து மாத்திரை தரவில்லையா என்று கேட்டேன். "குடுத்தாங்கக்கா, தெனமும் காலைல வரக்காப்பியோட போட்டுக்கறேன்" என்றாள்.

காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரையை அரசாங்கம் இலவசமாகவே தருகிறது, அதில் குறையில்லை. காப்பிக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடு, முடிந்தால் எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போடு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. மலம் கறுப்பாகப் போனால் பயந்துபோய் மாத்திரையைக் காட்டில் வீசிவிடுவார்கள். அது மாத்திரையால் வருவதுதான், பயப்படாதே என்று அப்போது டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொண்ட நம் பெரிய சிஸ்டர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனது உங்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பகலில் யாரும் வரமாட்டார்கள் என்று, பறித்ததை எடை போட்டு முடித்த பிறகு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கதவைத் திறப்பார். உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணித் தூளியில் பிள்ளைகளைப் போட்டு நிறுப்பார். அந்தக் கொக்கி இன்னும் அங்கேயே இருக்கிறது. தராசைக் காணோம்.

இப்போது வெள்ளியும் சனியும் மட்டும் ஒரு நர்ஸ் வருகிறார். மாதத்தில் இரண்டு நாள் சேலத்திலிருந்து டாக்டர் வருகிறார். அவ்வளவுதான். அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று: கூரைக்கு 6 லட்சம் இப்போது வேண்டாம். தகரம் மாற்றி ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம். வாரம் ஆறு நாளும் ஒரு நர்ஸ் உட்கார்வதற்குச் சம்பளம் கொடுப்போம். மாதம் 18,000, மருந்துச் செலவுக்கு 4,000. வருடத்துக்கு 2,64,000 ஆகிறது.

எஸ்டேட்டே பார்த்துக்கொள்ளாதா என்று டொராண்டோ அண்ணன் கேட்டிருந்தீர்கள். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் மருத்துவம், வீடு, பள்ளி எல்லாம் இருந்தன, ஆனால் அது பெரிய தோட்டங்களுக்கு. நம் பக்கம் இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர்க்காரர்களும் தினக்கூலியும்தானே? அவர்களுக்கு யார்? 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. என் சின்னம்மா அதை நம்பித்தான் இருக்கிறார், நல்ல வேலை. ஆனால் ராத்திரி வலி எடுத்தவளுக்கு அது போதாது.

சிங்கப்பூர் சித்தப்பா, உங்கள் மடல் எனக்கு வருத்தமாக இருந்தது. "மிஷன்காரர்களிடம் கையேந்திய ஊர் என்ற பெயர் போதும், இருநூறு வருஷமாக அவர்கள் என்ன கிழித்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827-ல், ஏற்காடு கான்வென்ட் 1894, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917. நீங்கள் எழுதிய ஆண்டுகள் சரிதான். ஆனால் தோட்டக் கூலிகளின் லைன் வீட்டுப் பிள்ளைகளான நாம் எழுத்துக் கற்றது டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில். மதம் மாறச் சொன்னார்களா என்றால், என் அம்மா கடைசி மூச்சுவரை காவேரியம்மனைத்தான் கும்பிட்டாள். சிஸ்டர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மா கதையை அரிக்கேன் வெளிச்சத்தில் சிஸ்டர்தான் எங்களுக்குச் சொன்னார். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா டாக்டர், ஆனால் ஆண் தொடக்கூடாது என்றார்கள். ஐடாவோ அப்போது டாக்டருக்குப் படித்திருக்கவில்லை. விடிவதற்குள் அந்த மூன்று கர்ப்பிணிகளும் போய்விட்டார்கள். அப்புறம்தான் அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்குத் திரும்பினார். நான் நர்ஸ் ஆனது அந்த ராத்திரிக் கதையால்.

நம் மலையில் இன்னொரு ராத்திரியும் உண்டு, சித்தப்பா. டிஸ்பென்சரி பூட்டியிருந்த வாரம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் என் அண்ணிக்கு ரத்தம் நிற்கவில்லை. அன்றைக்கு ஜீப் கேட்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டினோம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

ஹூஸ்டன் மாமா, கணக்கு கேட்பது உங்கள் உரிமை. முன்பு ஜெனரேட்டர் கணக்கில் நடந்த குளறுபடி மறுபடி நடக்கக்கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எங்கே வேலை பார்த்தாலும் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பணம் அல்ல. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். அதை வாங்க, டிஸ்பென்சரியை நடத்தும் டிரஸ்டுக்குத் தனிப் பதிவு வேண்டும், டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில் தனிக் கணக்கு வேண்டும். நம் டிஸ்பென்சரிக்கு அது இல்லை. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள வேறு அமைப்பு வாங்கி இவர்களுக்கு மாற்றிவிடவும் முடியாது. ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பி அவர் பெயரில் கொடுக்கலாமே என்று மெல்பர்ன் அண்ணி சொன்னது குறுக்கு வழி. வேண்டாம்.

ஆக, கொடுக்க முடிந்தவர்கள் யார்? மஸ்கட், துபாய், குவைத் தம்பிகள். சிங்கப்பூரில் குடியுரிமை வாங்காமல் இன்னும் பி.ஆர்.-இல் (நிரந்தரவாசியாக) இருப்பவர்கள். ஏ.சி. மெக்கானிக், டிரைவர் வேலை பார்த்து வீட்டுக் கடன் அடைக்கும் பிள்ளைகள். இதைத் தட்டச்சு செய்யவே எனக்குக் கை கூசுகிறது. வசதியாக இருக்கும் நாமெல்லாம் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டோம். 2016-லிருந்து என்னுடையதும் பிரிட்டிஷ்தான். என் ஒரு பவுண்டுகூட அந்தப் பெட்டியில் விழ முடியாது.

எண்ணிப் பார்த்ததில் பதினோரு பேர் தேறுகிறார்கள். ஆளுக்கு மாதம் 2,000 என்றால் சரியாக 22,000. முடியாதவர்கள் தாராளமாக எனக்குத் தனி மடலில் சொல்லுங்கள், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நர்ஸ் வரும் நாளில் ஒன்றைக் குறைத்துக்கொள்வோம். பணம் நேரே டிரஸ்டின் உள்ளூர்க் கணக்குக்குப் போகட்டும், சங்கக் கணக்கைத் தொடவே வேண்டாம்.

பணம் தர முடியாத நான் வேலையைத் தருகிறேன். சம்பள ரசீது, மருந்து பில், வந்த நோயாளிகளின் எண்ணிக்கை மூன்றையும் மாதம் 5-ம் தேதிக்குள் வாங்கி இங்கே போடுகிறேன். மாமா, ஒவ்வொரு வரியையும் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். முதல் பில் ஒரு தராசுக்கு வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தம்பிகளா, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்கள். திண்ணையில் பார்த்த அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஜூன் கடைசியில் நாள் குறித்திருந்தார்கள். என்ன ஆயிற்று என்று ஊரில் யாரையாவது விட்டுப் பார்த்துச் சொல்ல முடியுமா?